பல்பு குளிர்ந்த ஞாயிறு

நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவதில் எட்டு வயதில் எனக்கிருந்த வெறி கொஞ்சநஞ்சமல்ல. அதன் பலனை அனுபவித்தவர் என் மாமா.

அம்மாவின் தம்பி அவர். யுத்தத்தில் பர்மா எல்லையில் தந்தி அடிக்கும் சிப்பாயாக இருந்து திரும்பியவர். சொந்த ஊரான குன்னத்தில் கரண்ட் கிடையாது, அரியலூரில் எங்கள் வீட்டில் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக எங்களோடு தங்கிவிட்டார். சர்க்கார் லைசென்ஸ் வாங்கிப் பின்னறையில் தானே ஒரு ரேடியோ கட்டியிருந்தார். பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல. தந்திச் சாவியை இங்கே தட்டினால் எங்கோ இருக்கிறவனுக்குக் கேட்கும். அவன் தட்டுவது இவருடைய ஹெட்போனில் கேட்கும். அதுதான் பேச்சு. சாவியில் தூசி படாமலிருக்க அம்மா ஒரு துணி உறை தைத்துத் தந்திருந்தாள். தினமும் அதைக் கட்டி வைப்பது என் வேலை. நாடாவை இரண்டு காது வைத்து முடிந்து, ஒரு காதைச் சுருட்டி உள்ளே செருகுவேன். அந்த முடிச்சு வேறு யாருக்கும் வராது என்று எனக்கு ஏகப் பெருமை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் மாமாவுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. பட்டாளத்தில் அவரோடு ஒரே கூடாரத்தில் இருந்த பஞ்சாபிக்காரர் எழுதியிருந்தார். பிரிவினைக் கலவரத்தில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே அதுவரை தெரியாது. வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு ஒரு நண்பரின் ரேடியோவிலிருந்து கூப்பிடுவாராம். மறுநாள் அந்த ஊரை விட்டுப் போகிறார். எங்கே என்று அவருக்கே தெரியாதாம். மாமா அந்தக் கார்டைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவேயில்லை.

ஞாயிறு மத்தியானம் ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியில் பியூஸ் போயிற்று. வேறு போட்டார், அதுவும் போயிற்று. உள்ளே எங்கோ ஷார்ட். பெட்டிக்கு வருகிற கரண்டை ஒரு சாதாரண பல்பின் வழியாக விட்டு, அந்தப் பல்பைச் சுவரில் தொங்கவிட்டார். பெட்டியைச் சாய்த்து வைத்து அதன் அடிப்பக்கம் அவர் உட்கார்ந்தார். மேல்பக்கமும் தொங்கும் பல்பும் அவருக்குத் தெரியாது; அங்கே நான். பெட்டியின் மேல் இருந்த கண்ணாடி வால்வையும் நாங்கள் பல்பு என்றுதான் சொல்வோம்.

"நல்லா கேட்டுக்க பாப்பா. தொங்குற பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா ஷார்ட்டு இருக்கு. மங்குனா போயிடுச்சு. பொட்டி மேல இருக்குற பல்பு குளுந்து கெடந்தா அது செத்துடுச்சு. பாத்துச் சொல்லு."

தொங்கின பல்பு ஜோராக எரிந்தது. எனக்குச் சந்தோஷம், மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தார். இரைச்சலை அடக்குகிற ஒரு கண்டென்சரைக் கழற்றியதும் தொங்கின பல்பு மங்கி, அணைந்தே போனது போல ஆயிற்று.

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்லக்கூடாது. குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின நாள்தான் அதை மறந்து அம்மாவிடம் முதுகில் வாங்கியிருந்தேன்.

"மாமா, பல்பு குளுந்துடுச்சு!"

"நல்லா பாத்தியா?"

"ஆமாங்க மாமா, சுத்தமா குளுந்துடுச்சு."

மாமா வால்வுதான் செத்தது என்று எடுத்துக்கொண்டார். கண்டென்சரைப் பழையபடி பற்றவைத்தார். வால்வைத் துணியால் பிடித்துப் பிடுங்கிவிட்டு, டிரங்குப் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்திருந்த ஒரே ஒரு புது வால்வைச் செருகினார். மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். தொங்கும் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தார். நீலமாக ஒரு வெளிச்சம், பட்டென்று ஒரு சத்தம். ஷார்ட் அப்படியே இருந்ததால் புது வால்வு போய்விட்டது.

பழைய வால்வைக் கையில் எடுத்தார். அது இன்னும் சுட்டது.

"எந்தப் பல்பு பாப்பா குளுந்துச்சு?"

சுவரில் தொங்கினதைக் காட்டினேன். "அணைஞ்சிடுச்சுன்னு சொல்லக்கூடாதுல்ல மாமா?"

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "வுடுக்கா, புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று மாமா குறுக்கே வந்தார்.

கெட்ட கண்டென்சரை நீக்கிப் பழைய வால்வைப் போட்டு ரேடியோ உயிர் பெறும்போது மூன்றரை தாண்டிவிட்டது. கண்டென்சர் இல்லாத குறைக்கு ஹெட்போனில் ஒரே இரைச்சல்; வாசற்படியில் நின்ற எனக்கே கேட்டது. மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் அசையவில்லை. நான் அழுதுகொண்டே நின்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். சிரித்தார்.

"கெடச்சுட்டான் பாப்பா. பேசிட்டேன். சௌக்கியமா இருக்கானாம். ஒன்னையுங் கேட்டான்."

தெருவெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். வழக்கம்போலச் சாவிக்கு உறை கட்டப் பின்னறைக்குப் போனேன். உறை ஏற்கெனவே கட்டியிருந்தது. முந்தின நாள் நான் கட்டினது போலவே இரண்டு காது, ஒரு காது சுருட்டி உள்ளே செருகியிருந்தது. என் முடிச்சை மாமா எப்போது கற்றுக்கொண்டார் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.