டீக்கனுக்குக் கால் பங்கு

கென்டக்கியில், பாரிஸ் ஊருக்கு வடக்கே ஒட்டிலி கார்வர் அம்மாளின் குதிரைப் பண்ணையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் லெமுவல் ஸ்டிவர்ஸ். டீக்கன் என்ற கறுங்கால் ஆண் குதிரை அவர் பொறுப்பு. பெட்டைக்குதிரை இணையத் தயாரா என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்சிப் பார்ப்பதுதான் டீக்கனின் வேலை. அவள் சம்மதம் காட்டியதும் அவனை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பரம்பரையுள்ள பொலிகுதிரை வந்து மாப்பிள்ளையாகும். பதினோரு பருவமாக டீக்கனைப் பந்தியில் உட்காரவைத்து இலையைப் பிடுங்கிய கதைதான்.

1937 ஆகஸ்டு ஏழாம் தேதி, சனிக்கிழமை. வயதாகிவிட்டதென்று டீக்கனை விற்றாயிற்று. திங்கட்கிழமை லாரி வரும். அது நேரே தோலுரிக்கும் கிடங்குக்குப் போகும் என்பது லெமுவலுக்குத் தெரியும். மூன்று நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டிலோ அன்று விருந்து. பண்ணைப் பெட்டைக்குதிரை ஜூனிபர் மார்ச் இருபதாம் தேதி ஈன்ற பெட்டைக் குட்டி, மேய்ச்சல் நிலத்தில் மற்ற ஐந்து குட்டிகளையும் தன் தாயையும் முந்தி ஓடியது. அந்த வேகத்துக்கான பெருமையை அம்மாள் தாழ்வாரத்தில் கரும்பலகை நிறுத்திப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். அப்பன் க்ரிம்சன் ஓத்துக்குக் கால். தாய்க்குக் கால். பாட்டன் பாட்டி நால்வருக்கும் ஆளுக்கு வீசம், அதாவது பதினாறில் ஒன்று. அவர்களைப் பெற்றவர்களுக்குக் கால் வீசம். மேலே போகப் போகப் பின்னம் பொடியாகி, இங்கிலாந்தில் எப்போதோ செத்துப்போன ஒரு குதிரைக்கு நொய் அளவு கிடைத்தது. அந்த நொய்க்கும் விருந்தினர் கைதட்டினார்கள்.

லெமுவல் குட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். கால்நடை டாக்டர் ப்ளெட்சோ பன்றித்தொடைக் கறி வைத்த பிஸ்கட் ரொட்டியை மென்றபடி இறங்கிவந்து குட்டியின் முழங்காலருகே குனிந்தார். பிறந்த முடி உதிர்ந்த இடமெல்லாம் கறுப்பு. பிடரிக்கு அடியிலும் கறுப்பு. க்ரிம்சன் ஓத்தும் ஜூனிபரும் அசல் செவலை. இரண்டு செவலைக்குக் கறுங்கால் குட்டி பிறக்காது என்பது அந்த வட்டாரத்தில் பால்காரருக்கும் தெரியும். அம்மாள்தான் அவசரப்பட்டு, நாலாவது வாரமே செவலை என்று பரம்பரைப் பதிவேட்டுக்கு எழுதி அனுப்பியிருந்தார்.

டாக்டர் நிமிர்ந்து மெல்லக் கேட்டார்: "ஏம்ப்பா லெமுவல், இந்தக் காலை நான் எங்கயோ பாத்திருக்கேனே?"

போன வருடம் ஏப்ரல் பதினாலாம் தேதி, காலை ஆறு நாற்பது. ஜூனிபர் நின்ற பக்கத்துக் கேட் சங்கிலியை லெமுவல் மாட்ட மறந்துவிட்டார். அவர் ஓடிப்போய் டீக்கனைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஏழேகாலுக்கு க்ரிம்சன் ஓத் ஒன்றும் அறியாதவனாக வந்து போனான். இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் வேலை போகும். இப்போது சொல்லாவிட்டால் டீக்கன் போவான்.

வாயைத் திறந்தால் அழுகை வரும் என்று நினைத்தார். வந்தது சிரிப்பு.

"அம்மா, அந்த அப்பன் பங்கை அழிச்சிடுங்க. அது நம்ம டீக்கனோடது. நான்தான் சங்கிலி மாட்டல."

அம்மாள் குட்டியின் காலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு கைத்துணியால் க்ரிம்சன் ஓத்தைத் துடைத்தார். அவனோடு அவன் அப்பன், பாட்டன் என்று இங்கிலாந்துக் குதிரைவரை பாதிப் பலகை போயிற்று.

"கேட் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது?" என்றார்.

"நாலு நிமிஷம் இருக்கும்மா. அவனுக்கு அப்பவே பத்து வருஷப் பசி."

டாக்டர் தூணைப் பிடித்துக்கொண்டார். அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு, பதிவைத் திருப்பி வாங்கக் கடிதம் எழுத வேண்டும், பெரிய பந்தயம் எதிலும் குட்டி ஓட முடியாது, உள்ளூர்ச் சந்தைப் பந்தயம்தான் என்றார். தோள் குலுங்கியது. லெமுவல் பயந்துபோனார். அம்மாள் கையை எடுத்தபோது கண்ணில் நீர், மூக்கில் சாக்கட்டித் தூள், வாயெல்லாம் சிரிப்பு.

"சரி, டீக்கனைப் பெத்தவங்க யாரு?"

"மெனிஃபீ மலைப்பக்கம் ஒரு உழவுக்குதிரை பெத்ததும்மா. அப்பன் யாருன்னு யாருக்கும் தெரியாது."

"போய்க் கேட்டுட்டு வாங்க. இவ்வளவு வேகமும் ஏர்க்கலப்பைலேர்ந்து வந்திருந்தா எனக்கு அது தெரிஞ்சாகணும். லாரிக்காரருக்கு வேண்டாம்னு நான் சொல்லிக்கிறேன்."

தன் வேலை என்னாகும் என்று லெமுவல் கேட்டார். அதுதான் வேலை என்றார் அம்மாள்.

மலையிலுள்ள அவன் சொந்தபந்தங்கள் சாடையைப் பார்த்து அடையாளம் சொல்லட்டும் என்று டாக்டர் பிடிவாதம் பிடித்ததால், டீக்கனையும் வண்டியில் ஏற்றினார்கள். நாலு இருபதுக்குப் புறப்பட்டார்கள். பிஸ்கட் பொட்டலத்தில் ஏழு இருந்தது. பண்ணை எல்லை தாண்டுவதற்குள் லெமுவல் நாலைத் தின்றுவிட்டார். வழியில் வேலியோரம் நின்ற பெட்டைக்குதிரை ஒன்றுவிடாமல் டீக்கன் கனைத்துக்கொண்டே மலையேறினான்.