கையை நீட்டாதே, ஆந்தை இருக்கிறது

கைடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: இருப்பதைக் காட்டினால் இல்லாததைக் கேட்பார்கள். ஜவுளிக் கடையில் நாள் முழுக்கப் புடவை பிரித்துப் போட்டவர்களே, உங்களுக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கு மேலே ஃபேன் சுற்றியது. எனக்கு மேடவாக்கம் பக்கத்து முள்காடும் வெயிலும்தான். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி முடித்த கையோடு, ஓர் இயற்கை மன்றத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்களை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

புலி இல்லாத காடு

தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நரியின் காலடி, களாச் செடி, மயில் உதிர்த்த இறகு எல்லாம் காட்டினேன். கடைசியில் பழைய கல்குவாரி. வெடி வைத்துப் பாதிக் குன்றைத் தின்ற பிறகு, காப்புக்காடு என்று நிறுத்தியிருந்தார்கள். மிஞ்சியது ஒரு செங்குத்துப் பாறையும் அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீரும். அந்தப் பாறை விளிம்பில்தான் கொம்பன் ஆந்தை ஜோடி ஒன்று குடியேறியிருந்தது. நாம் உடைத்துப் போட்ட இடத்தில் ஓர் உயிர் வீடு கண்டதே என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது குடும்பத் தலைவர் சொன்னார்: "வண்டலூருக்குப் போனா புலியே கீது சார். இங்க முள்ளு குத்தினதுதான் மிச்சம்."

குடை

கொம்பன் ஆந்தை கூடு கட்டாது. வெறும் பாறையில் முட்டை வைத்து மேலே உட்கார்ந்துவிடும். கீழே ஒருவர் கையை உயர்த்தினால் போதும், பறந்துவிடும். மீதியை வெயிலும் காக்காயும் பார்த்துக்கொள்ளும். அதனால் எங்களுக்கு ஒரு விதி: கை நீட்டக் கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வெள்ளைக் கறைக்குக் கீழே, அரசங்கன்றுக்கு இடப்பக்கம்" என்று வாயால்தான் காட்ட வேண்டும்.

முட்டை வைத்திருந்த சமயம். ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர் "எங்கே, எங்கே" என்று சலித்துப்போய், நான் தடுப்பதற்குள் குடையை நீட்டி "அதுவா?" என்றார். ஆந்தை எழுந்தது. காக்கைகள் சூழ்ந்துகொண்டன. எல்லோரையும் பின்னால் தள்ளிக்கொண்டு போன பிறகுதான், நல்லவேளை, திரும்பி வந்து உட்கார்ந்தது. எனக்கு ஆத்திரம். அவருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி: "பாத்தியாப்பா, பறந்தாத்தான் தெரியுது! இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே!"

பலகை

மன்றச் செயலாளரிடம் போய்க் கொதித்தேன். நல்ல மனிதர், அதுதான் ஆபத்து. அடுத்த வாரமே குவாரி ஓரத்தில் ஒரு தகரப் பலகை நின்றது: "ஆந்தை முட்டையிட்டிருக்கிறது. தொந்தரவு செய்யாதீர்." கூடவே சிவப்புப் பெயின்டில் பெரிய அம்புக்குறி, நேராக அந்தப் பாறை விளிம்பைப் பார்த்து. ஒரு விரல்கூட நீட்டாமல் நாங்கள் காத்த இடம்! "அம்பு எதுக்கு சார்?" என்று கத்தினேன். பொறுமையாகச் சொன்னார்: "அம்பு இல்லேன்னா எந்த இடத்துல தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஜனங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

வழி காட்டியது யார்

பக்கத்தில் மனை விற்கும் தரகர் ஒருவர். ஆந்தை அலறும் இடத்தில் எவன் வீடு கட்டுவான் என்று அவருக்கு வெகுநாள் எரிச்சல். அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஒரு ஞாயிறு நான் போனபோது பலகைக்குப் பக்கத்தில் நின்று விளிம்பை நோக்கிக் கல் எறிந்துகொண்டிருந்தார். ஆந்தை இல்லை. ஒரு காக்கை விளிம்பில் இறங்கியது, பிறகு இன்னொன்று. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கையை உதறிவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், பேஜாரு பண்ணிக்கினு? அம்பு போட்டு வழி காட்டினதே நீங்கதான!"

திருத்தம்

சில வாரம் கழித்து எதிர்ப்பக்கப் பாறையில் அதே ஜோடி மறுபடி முட்டை வைத்தது. செயலாளருக்கு ஆனந்தம். என்னைக் கூட்டிக்கொண்டு குவாரிக்கு வந்தவர், "பலகை நல்லாத்தாம்பா இருக்கு, அம்பை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிடு" என்றார். நான் பலகையைப் பிடுங்கிப் பச்சைத் தண்ணீரில் வீசினேன். அது மூழ்குவதைப் பார்த்தபடி, நிஜமான கவலையோடு கேட்டார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றவங்க எதைப் பார்த்துப்பா போவாங்க?"

அத்துடன் என் வேலையும் போயிற்று. எதிர்ப்பாறையில் இரண்டு குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. நான் யாருக்கும் காட்டவில்லை.

வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு மேடவாக்கத்துக்கே திரும்பியிருக்கிறேன். தெருவில் யாராவது வழி கேட்டால் இன்னும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சொல்கிறேன், அவர்களும் திட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.