ஜெனரேட்டர் அறைக்கு அனுப்பப்பட்டவள்

கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன் நான். வருடத்தில் பாதி கடல், மீதி அடையாறு வீடு. கடலில் இருக்கும்போது மோதிரத்தோடும் தொளதொளச் சட்டையோடும் எவனும் இன்ஜின் பக்கம் போக முடியாது. விடுமுறையில் வீட்டுக்கு வந்தால், எங்கள் அடுக்ககத்தின் ஜெனரேட்டர் அறையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். உடைந்த சோபா, பெயின்ட் டப்பாக்கள், பழைய கொலுப்படி எல்லாம் அதற்குள்தான். ஃபேன் பெல்ட்டை மூடியிருந்த கம்பி வலையை எப்போதோ கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அந்த அறையில் ஒரு தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது.

இதையெல்லாம் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூரில் இருந்து குடிவந்தவர். சிரித்துக்கொண்டே சொல்வார்: "லிஃப்ட் ஓடறதா, லைட் எரியறதா, அவ்வளவுதான் சார் நமக்கு வேணும். நீங்க எல்லாத்தையும் கப்பலாட்டமே பாக்கறேள்."

அது கத்திரி வெயில் நாள். காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் மதியம் வரை ஓடிவிட்டுத் தானாக நின்றது. சூடு தாங்காமல் நின்றிருக்கிறது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. கீழே போய்ப் பார்க்கலாம் என்று செருப்பை மாட்டும்போதே அலறல் கேட்டது.

மூன்று மாடி இறங்கி ஓடினேன். படிக்கட்டு, தாழ்வாரம் பெருக்கித் துடைக்கும் பெண், ஜெனரேட்டர் அறை வாசலில் உட்கார்ந்து துடித்துக்கொண்டிருந்தாள். பெருங்குடியில் இருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். வலது கை, தோள், கழுத்து எல்லாம் சிவந்து, புடவையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"சிவப்பு லைட்டு எரிஞ்சுகினு இருந்துச்சு சார். மூடியத் தொறந்து தண்ணி ஊத்துன்னாரு. தொறந்தேன், அப்டியே பீச்சிடுச்சு சார்."

ஓடி நின்ற இன்ஜினின் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்திருக்கிறாள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர், மூடி லேசாக நெகிழ்ந்ததுமே பாய்ந்து வரும். இன்ஜின் ஆறும்வரை அந்த மூடியில் யாருமே கை வைக்கக் கூடாது. இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? வாட்ச்மேன் லீவு என்பதற்காகத் துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லி இவளை உள்ளே அனுப்பியிருக்கிறார் செயலாளர்.

அவரும் அங்கேதான் நின்றிருந்தார். எங்களுக்கு நேர் கீழ்வீட்டுக்காரர் ஒரு டூத்பேஸ்ட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தார்.

"தடவாதீங்க!" என்று கத்தினேன்.

"குளிர்ச்சி சார் இது."

"தோல் உரிஞ்சு வரும். தண்ணிதான் வேணும், நிறையத் தண்ணி."

வாசல் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது, மேல்தொட்டி காலி. அப்போதுதான் வாசலில் வரிசையாக நின்ற குடிதண்ணீர் கேன்களைப் பார்த்தேன். சற்றுமுன்தான் வந்து இறங்கியவை. லிஃப்ட் ஓடாததால் எந்த வீட்டுக்கும் ஏறவில்லை. ஒன்றைத் தூக்கி வந்து மூடியைப் பிய்த்து அவள் தோளில் மெதுவாக ஊற்ற ஆரம்பித்தேன்.

"சார், அது எங்க வீட்டு கேன்" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

சாகும்வரை எனக்கு இந்த வாக்கியம் மறக்காது. ஒருத்தி வெந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். இவருக்குத் தன் வீட்டு கேன்!

கேட்டருகே மீன்கூடையோடு நின்றிருந்த பெண் அதற்குள் உள்ளே வந்துவிட்டாள். குப்பத்தில் இருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருபவள்.

"பாத்துகினே நிக்கிறியே, நவுரு" என்று அவரைத் தள்ளிவிட்டு அடுத்த கேனைத் தூக்கினாள். "இன்னா சார் பண்ணணும், சொல்லு."

கூடையில் இருந்த ஐஸை அள்ளப் போனவளை, ஐஸ் வேண்டாம், வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும் என்று தடுத்தேன். சூடான துணி உடம்பிலேயே இருக்கக் கூடாது, ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல் விட்டுவிடு என்றேன். வீக்கம் வருவதற்கு முன் வளையல்களையும் கழற்றச் சொன்னேன். செயலாளர் வீட்டுக் கொடியில் காய்ந்த பெட்ஷீட்டை உருவி, அலறல் கேட்டு இறங்கி வந்த இரண்டு பெண்கள் மறைத்துப் பிடிக்க, மீன்காரப் பெண் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தாள். நான் வெளியே திரும்பி நின்றபடி கேன்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"போதும் சார், எல்லாத்தையும் ஊத்திட்டா குடிக்கறதுக்கு என்ன பண்றது?" என்றார் செயலாளர்.

"இருபது நிமிஷமாவது ஊத்தணும். குடிக்கக் கடைல போய் வாங்கிக்குங்க" என்றேன். அவரிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

பிறகு, சமையலறையில் சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை என் மனைவி கொண்டு வந்து, புண்ணின் மேல் இறுக்காமல் போர்த்தினாள். என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மீன்கூடையை வாசலிலேயே விட்டுவிட்டு அந்தப் பெண்ணும் ஏறிக்கொண்டாள். "கண்ணு நல்லா தெரியுதா, பாரு, என்னப் பாரு" என்று வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். உடனே தண்ணீர் ஊற்றியதால்தான் காயம் ஆழமாகப் போகவில்லை என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். செயலாளர் எழுந்து, "பாவம்தான். ஆனா சூடா இருக்கச்சே மூடியைத் திறப்பாளோ யாராவது? அவதான் அவசரப்பட்டுட்டா" என்றார். பலர் தலையாட்டினார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"திறன்னு சொன்னது நீங்க. உங்களுக்கே தெரியாத வேலையை அவகிட்ட கொடுத்துட்டு, தப்பையும் அவ தலையில வைக்கிறீங்களே!" என்றேன். கூட்டம் பாதியில் கலைந்தது. ஆனால் அடுத்த வாரமே அந்த அறையைக் காலி செய்தார்கள். குழாய் வந்தது, பெல்ட்டுக்கு வலை வந்தது, பயிற்சி பெற்ற ஆள் ஒருவரும் வந்தார். இத்தனை நாள் முடியாது என்றவையெல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன என்பது என் கோபத்தைக் கூட்டத்தான் செய்தது.

ஒன்றரை மாதம் கழித்து அவள் வந்தாள். கழுத்தில் தோல் வெளிறி, சுருங்கி இருந்தது. வேலைக்குச் சேரத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக, வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த செயலாளரிடம் போனாள்.

"நான் பெருக்கறவ சார். எனக்கு மிசின் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்கு அனுப்ச்சே?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தரமணியில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த தன் மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் செயலாளர் என் பக்கம் வந்தார். "ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் சங்கத்துலேர்ந்து பாத்தோமே, கொஞ்சமாவது நன்றி இருக்கா பாருங்கோ" என்றார்.

"நன்றியா? எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.