நோ-கோ முனை

கஸ்தூரி யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. மண்ணூர்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்டர். துளை போட்டு வரும் ஒவ்வொரு பாகத்திலும் கேஜ் என்ற அளவுக்கருவியை விட்டுப் பார்ப்பாள். கேஜுக்கு இரண்டு முனை. ஒன்று கோ, அது துளைக்குள் போக வேண்டும். மற்றது நோ-கோ, அது போகவே கூடாது. போனால் துளை பெரிசு, பாகம் குப்பைக்கு. அவசரக்காரர்கள் கோ முனையை மட்டும் விட்டுப் பார்த்து ஓகே போட்டுவிடுவார்கள். பெரிய துளைக்குள் கோ போகாமல் என்ன செய்யும்? அப்படிப்பட்டவர்களை அவள் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். கேட்காத கேள்விக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார்கள், அதுதான் அடையாளம்.

ஒரு வாரமாக அந்த அடையாளம் அவள் வீட்டிலேயே தெரிந்தது.

புருஷன் பார்த்தசாரதி, பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். எட்டு வருஷமாகப் பகுதிநேர பிஎச்.டி. பிரபஞ்சம் ஒரு காலத்தில் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரேயடியாக நசுங்கிப் போகாமல், பந்து மாதிரி எகிறித் திரும்ப விரிந்தது என்று ஒரு குவாண்டம் ஈர்ப்புக் கொள்கை சொல்கிறதாம். அதன் சமன்பாட்டை முழுசாகப் போட முடியாது. அதில் பிரபஞ்சத்தின் அளவு ஒரே எண்ணாக நிற்காமல் பரவிக் கிடக்கும். அவர் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு பரவலை விட்டுவிடுவார். அதற்குப் பெயர் தோராய முறை. மிக எளிய ஒரு மாதிரிக்கு மட்டும் கம்ப்யூட்டரில் முழுக் கணக்கும் போடலாம். அதோடு ஒத்துப்போனால் தோராயத்தை மற்ற இடத்திலும் நம்பலாம் என்பது அவர் வாதம்.

தோராயம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வெள்ளானூர் வீட்டின் ஒரே காற்றோட்டமான அறையை அவருக்கு விட்டாள். கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் தனியாகப் போய், அவர் எழுதுகிறார் என்று சொல்லிச் சொல்லி அலுத்தாள்.

வருகிற திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மனிதர் சரியில்லை. காபி கொடுத்தால், ஆய்வேட்டில் படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்கிறார். யார் கேட்டது? அவள் உள்ளே வந்தால் லேப்டாப்பை மூடுகிறார். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு கூப்பிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறார். வேறு பெண்டாட்டியாக இருந்தால் வேறு எதையோ சந்தேகப்பட்டிருப்பாள். கஸ்தூரி நேராக ஆய்வேட்டைச் சந்தேகப்பட்டாள்.

ஞாயிறு காலை அவர் கறி வாங்க ஆவடிக்குப் போனதும் மேசைமேல் இருந்த பிரதியை எடுத்தாள். ஆங்கிலம் அவளுக்கு மெதுவாகத்தான் ஓடும். நன்றியுரையில் அவள் பெயர் இருந்தது. இதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் தன் இன்ஸ்பெக்டர் கண்ணால் சரிபார்த்த மனைவி கஸ்தூரிக்கு நன்றியாம். மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே சுருக்கென்றது. ஒரு எண்ணைக்கூட அவள் பார்த்ததில்லை. பார்க்காத சரக்கில் அவள் முத்திரையா?

புரட்டினாள். அந்தப் படம் வந்தது. முழுக் கணக்கு ஒரு கோடு, தோராயம் ஒரு கோடு. இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. இவ்வளவு ஒழுங்கு அவளுக்குப் பிடிக்கவில்லை. கீழே அளவுகோலைப் பார்த்தாள். பிரபஞ்சத்தின் அளவு என்று போட்டு, முதல் எண்ணாக ஐம்பது இருந்தது.

அவர் பையோடு உள்ளே நுழைந்ததும் கேட்டாள். "அம்பதுக்கு இந்தாண்ட இன்னா கீது?"

அங்கே ஒன்றுமில்லை என்றார். எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள் என்றார். கைடே பார்த்துவிட்டார் என்றார். ஒரு கேள்விக்கு மூன்று பதில்.

"பெருசா கீற எடத்துல எந்தத் தோராயமும்தான் ஒத்துப்போவும். கோ முனைய மட்டும் உட்டுப் பாத்துட்டு ஓகே போட்டுக்கீறீங்க. நோ-கோ எங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரபஞ்சம் எகிறுகிற இடமே ஐம்பதுக்குள்தான். ஆய்வேட்டின் தலைப்பே அந்த எகிறல்தான்.

"அங்க ரெண்டு கோடும் பிரிஞ்சுடுது கஸ்தூரி. போன மாசம்தான் தெரிஞ்சுது. காட்டினா இன்னும் ரெண்டு வருஷம் ஆயிடும்."

அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வாசலில் டாக்டர் என்று பெயர்ப்பலகை மாட்ட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தவள் அவள்தான்.

"அப்போ என் பேர எடுத்துடுங்க," என்றாள்.

அவர் அந்த நன்றியுரையைப் புரட்டி இன்னொரு முறை படித்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து, அவள் கண்ணெதிரே அளவுகோலின் ஐம்பதைப் பூஜ்யமாக்கினார். இடது ஓரத்தில் கோடுகள் இரண்டும் அசிங்கமாக விலகி நின்றன. போனை எடுத்தார். மொட்டைமாடிக்குப் போகவில்லை. கூடத்திலேயே நின்று, நாளைக்குச் சமர்ப்பிக்கவில்லை, படத்தை முழுசாகப் போட்டு மறுபடி எழுதப்போகிறேன் என்று கைடிடம் சொன்னார்.

பேசி முடித்ததும் கஸ்தூரி கையை நீட்டினாள். போனை வாங்கி, நிஜமாகவே கைடிடம்தான் பேசினாரா, எத்தனை நிமிஷம் என்று பார்த்தாள். நான்கு நிமிஷம்.

"பேரு இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கறியைக் கழுவ எடுத்துப்போனாள்.