ஒருவரும் சாப்பிடாத விருந்து: ஹோர்சன்ஸிலிருந்து இக்காஸ்டுக்கு

டென்மார்க்கின் சிற்றூரான இக்காஸ்டுக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. நான் போன மே மாதம் ஒரு சனிக்கிழமை போனேன், ஓர் ஆட்டிறைச்சிக் கறியின் மானத்தைக் காப்பாற்ற.

அங்கே நடந்த ஒரு சாமத்திய வீட்டுக்கு, அதாவது மஞ்சள் நீராட்டு விழாவுக்கு, அந்த ஊரிலேயே இருக்கும் வசந்தி அக்கா சமைத்திருந்தார். வார நாட்களில் முதியோர் பராமரிப்பு வேலை, வார இறுதியில் விழாச் சமையல். விருந்து முடிந்த பிறகு பலருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்தன. நிரோஷா என்பவரின் சின்ன மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பழி அக்காவின் இறைச்சிக் கறிமேல் விழுந்தது; பேசி வைத்திருந்த விழாக்களும் கைவிட்டுப் போயின. அதே விருந்தில் அந்தக் கறியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்ட எனக்கோ ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசத் துணைக்கு வரச் சொன்னார் அக்கா.

ஹோர்சன்ஸில் ஒன்பதரை ரயில். ஸ்காண்டர்போர்கில் மாற வேண்டும். காத்திருப்பையும் சேர்த்து ஒன்றரை மணிநேரம், டிக்கெட் நூற்றிருபது குரோனரை ஒட்டி வரும். சில்கபோர்க் பக்கம் ஏரியும் காடும் அழகு, தூங்கிவிடாதீர்கள்.

அக்கா காரோடு ஸ்டேஷனில் நின்றார்.

"உணவுப் பரிசோதனை அதிகாரி இஞ்ச எல்லாருக்கும் போன் எடுத்து, என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டவ, தம்பி. எல்லாரும் ஜூஸ் மட்டும்தான் குடிச்சவையாம். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நோய் வந்தவர் சாப்பிட்டதையும் வராதவர் சாப்பிட்டதையும் ஒப்பிட்டுத்தான் எந்த உணவில் கிருமி என்று கண்டுபிடிப்பார்கள். நம்மவர்கள் அன்பு மிகுந்து தடயத்தையே துடைத்துவிட்டார்கள். காரிலிருந்தே அதிகாரியை அழைத்து, கறி மூன்று தரம், தேங்காய்ச் சம்பல் இல்லை, என் முறை வந்தபோது அது முடிந்துவிட்டது என்று டேனிஷில் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

முதலில் நிரோஷா வீடு. மகன் வீடு திரும்பியிருந்தான், முகம் வாடியிருந்தது.

"பிள்ளை என்ன சாப்பிட்டவன் எண்டு அதிகாரிக்குச் சொன்னனீ?" அக்கா கேட்டார்.

"ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சொன்னனான்."

"உண்மையா?"

"இல்லை அக்கா. இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குடுத்தனான். உறைப்பெண்டு இறைச்சி தொடேல்லை. நீங்கள் சமைச்சது, நான் எப்பிடிச் சொல்லுறது?"

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இவர் அக்காவைக் காப்பாற்றியிருக்கிறார். அக்கா கதிரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். "இப்ப சொல்லு பிள்ளை. சொன்னாத்தான் நான் தப்புவன்."

அன்று ஆறு வீடுகள் ஏறி, எல்லாரையும் அதிகாரிக்கு உண்மையைச் சொல்லவைத்தோம். சில வாரங்களில் முடிவு வந்தது. குற்றவாளி, பாக்கெட்டில் உறையவைத்து விற்கும் தேங்காய்ப்பூ, அதாவது தேங்காய்த் துருவல். சம்பலுக்கும் அக்கா அதைத்தான் சமைக்காமல் போட்டிருந்தார். அக்காவின் பிரீசரில் மிஞ்சிய பாக்கெட்டிலும் நோயாளிகளிடமும் ஒரே கிருமி. விழாவுக்கே வராத வேறு ஊர்க்காரர்களிடமும் அது இருந்தது, அவர்களும் அதே தேங்காய்ப்பூ வாங்கியவர்கள். கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

இக்காஸ்டுக்குப் போகிறவர்களுக்கு: ஸ்டேஷனிலிருந்து எல்லாம் நடக்கும் தூரம், சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். உறைந்த தேங்காய்ப்பூவை நன்றாகச் சூடாக்காமல் சேர்க்காதீர்கள். அதிகாரி அழைத்தால் சாப்பிட்டதை அப்படியே சொல்லுங்கள், யாரையும் காப்பாற்றப் போகாதீர்கள்.

அக்காவுக்கு மறுபடி விழாக்கள் வருகின்றன. ஆனால் இப்போதெல்லாம் முதல் தட்டைத் தானே போட்டு, எல்லோரும் பார்க்க நின்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் பரிமாற விடுகிறார். அப்படிச் செய்யும்படி அவரை யாரும் கேட்கவில்லை.