இருபது சென்ட் கூடுதல் மழை

பெள்ளியப்பாவுக்குக் குடகில் ஏழு ஏக்கர் காப்பித் தோட்டம். நாற்பத்து நான்கு வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு முற்றத்து மழைமானியைப் பார்த்து டைரி எழுதுகிறார். மழை, மிளகு, மூட்டுவலி, மனைவி தேச்சம்மாவோடு சண்டை, எல்லாம் அதில் உண்டு.

ஒரே ஒரு சங்கடம். பேனாவைத் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் உத்தய்யா குரல் கொடுப்பார். அவரிடமும் ஒரு மழைமானி, ஒரு டைரி.

"எவ்ளோடா?"

நூறு சென்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். மழைமானி மூணு அங்குலம் காட்டினால் பெள்ளியப்பாவின் வாய் "மூணு இருபது" என்றுவிடும்.

"இங்க மூணு நாப்பது!" உத்தய்யா விடுவாரா?

வாயால் ஒன்று சொல்லிவிட்டுக் கையால் வேறு எழுதுகிற ஆள் இல்லை பெள்ளியப்பா. சொன்னதையே டைரியிலும் ஏற்றிவிடுவார்.

"உங்க வாயில பெய்யிற மழைக்குக் குடகே முங்கியிருக்கணும்" என்பாள் தேச்சம்மா.

குடகு மழையின் வரலாற்றை எழுதச் சாதாரண ஜனங்களின் டைரி வேண்டுமென்று கல்லூரியிலிருந்து சுசேதா என்ற பெண் ஜீப்பில் வந்தாள். வரலாற்றில் ஏறப்போவதாகப் பெள்ளியப்பா ஏற்கெனவே சந்தை முழுக்கச் சொல்லியாயிற்று. ஆனால் அவள் கையில் உத்தய்யாவின் டைரிகளும் இருந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒப்பிட்டாள். அந்த இரண்டு நாளும் பெள்ளியப்பா சந்தைப் பக்கமே போகவில்லை.

"அங்கிள், நடுவுல ஒரு வேலிதான். மழை எப்படி இவ்ளோ மாறும்?" என்றாள் கடைசியில். "தொண்ணூத்தெட்டுலேர்ந்து ரெண்டாயிரத்தி ரெண்டு வரைக்கும் மட்டும் சென்ட் பிசகாம ஒத்துப்போகுது. அந்த அஞ்சு டைரி போதும். மத்தது நம்புற மாதிரி இல்ல. ஆமா, அந்த அஞ்சு வருஷம் மட்டும் எப்படி இவ்ளோ சரியா எழுதினீங்க?"

தேச்சம்மாதான் பதில் சொன்னாள்.

"வேலியோர சில்வர் ஓக் மரம் யாருதுன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. அஞ்சு வருஷம் முகம் பார்க்கல. அப்புறம் காத்துல மரம் தானா விழுந்துது, பேச்சு வந்துது."

"சண்டைக்கும் மழைக்கும் என்ன ஆன்ட்டி?"

"பொய் சொல்ல ஆளில்லம்மா" என்றார் பெள்ளியப்பா. "எட்டு மணிக்குப் பார்ப்பேன், இருக்கிறத எழுதுவேன், உள்ள வந்துடுவேன். கேக்க நாதி கிடையாது. என் ஆயுசுலயே மோசமான அஞ்சு வருஷம் அது. அத மட்டும் எடுத்துட்டுப் போறேங்கிற. மீதி முப்பத்தொம்பதும் நாங்க நல்லா இருந்த வருஷம். எடுத்தா எல்லாத்தையும் எடு, இல்லன்னா ஒண்ணும் வேணாம்."

சுசேதா டிரைவரைக் கூப்பிட்டு, இன்னும் நாலு அட்டைப்பெட்டி கொண்டுவரச் சொன்னாள்.