முழுக்கை வேம்புலி

அவித்த முட்டையில் வெள்ளையைத் தான் தின்றுவிட்டு, மஞ்சள் கருவை வாசல் நாய்க்குப் போடுவது வேம்புலியின் நெடுநாளைய பழக்கம். இப்போதெல்லாம் பாதி மஞ்சளை அவரே தின்றுவிடுகிறார். நாய்க்கு அது பிடிக்கவில்லை. "இன்னா மொறைக்கிற? எனக்கு வயசாகல?" என்று அதனிடம் கேட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணனூர் ஸ்டேஷன் தெருவில் இருக்கும் ஜிம்முக்கு நடக்கிறார். பணிமனையிலிருந்து காலி ரயில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் அதிகாலை நேரம்.

ஐம்பத்தைந்து வயது. தோளைப் பார்த்ததுமே தையற்காரர் கூடுதல் துணி கேட்பார். ஆனால் வெளியே வந்தால் எப்போதும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டில் பட்டன் போட்டபடி. கத்திரி வெயிலிலும் மடித்துவிட மாட்டார். அரைக்கை போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் யாராவது கையைத் தொட்டுப் பார்க்கிறார்களாம். "கத்திரிக்காய அமுக்கிப் பாக்குற மாதிரி பாக்குறானுங்கப்பா. வாங்கவா போறானுங்க?" தெருவில் அவர் பெயரே முழுக்கை வேம்புலி.

சினிமாவில் அவர் அடியாள். வில்லன் பேசும்போது பின்னால் கைகட்டி நிற்பார். கதாநாயகன் உதைத்தால் பறப்பார். கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு விழுந்திருக்கிறார், தக்காளிக் கூடைகள் மேல் விழுந்திருக்கிறார், மாட்டுத் தொட்டிக்குள் தலைகீழாகப் போயிருக்கிறார். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குடோனில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறார். அவர் மனைவி கோமளா அதே எஸ்டேட்டில் தையல் கம்பெனியில் வேலை செய்பவர். கணவர் நடித்த படங்களைப் பார்த்ததில்லை. "ஊட்டுக்காரரு ஒத வாங்குறத டிக்கெட் எடுத்துக்கினு வேற போயிப் பாக்கணுமா?"

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் உடம்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. முட்டி முனகியது. ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாவிட்டால் தோள் சரிந்தது. முதலில் அதனோடு சண்டை போட்டார். கூடக் கூட எடை ஏற்றி, முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்ததுதான் மிச்சம். பிறகுதான் சமாதானத்துக்கு வந்தார். எடையைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் நிதானமாகத் தூக்கினார். கொண்டைக்கடலைச் சுண்டல், நெத்திலிக் கருவாடு, முட்டை, பால் என்று சாப்பாடு அமைந்தது. ராத்திரி எட்டரைக்கெல்லாம் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். "ஜிம்முல ஒடம்பு ஏறாதுப்பா. அங்க சதை கிழியத்தான் செய்யும். தூங்கச் சொல்லோதான் ஏறும்" என்பார். பழைய பருமன் திரும்பவில்லை. ஆனால் இருந்தது போகவும் இல்லை.

கொரட்டூர் கங்காதரனும் அவரும் ஒரே வருஷம் சினிமாவுக்கு வந்தவர்கள். வயதும் ஒன்றுதான். வில்லனுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர் என்று எத்தனையோ படங்களில் நின்றிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கங்காதரன் திடீரென்று பெருத்தார். கழுத்து தோளுக்குள் புதைந்தது. முகம் சிவந்து, முதுகு முழுக்கப் பரு கிளம்பியது. டீக்கடையில் வேம்புலி மெல்லக் கேட்டார்.

"இன்னா மாமே, ஊசியா?"

"பின்ன, உன் சுண்டலா?" என்று கங்காதரன் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. வில்லனின் இரண்டு தம்பிகள். பெயர் உண்டு, வசனம் உண்டு, கடைசியில் மழையில் சட்டையில்லாமல் ஒரு சண்டை உண்டு. வேம்புலி அதுவரை திரையில் வாய் திறந்ததில்லை, அலறியதைத் தவிர. பூந்தமல்லி அருகே போட்டிருந்த செட்டில் இருவரையும் சட்டையைக் கழற்றச் சொல்லி நிறுத்தினார்கள். சண்டை மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணே, ஒடம்பு நல்லாத்தான் கீது. ஆனா கங்காதரன் பக்கத்துல நின்னா தம்பி மாதிரி இல்ல, அவரு மேனேஜர் மாதிரி கீறீங்க. ரெண்டு மாசம் டைம் தரேன், சைஸ் ஏத்திக்கினு வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வேம்புலியும் சிரித்தார். திரும்பும் வழியில் கங்காதரன் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை அவர் கையில் திணித்தார்.

பெட்டியை டி.வி. மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவே, "எங்கண்ணன் மேல கை வச்சவன் எவன்டா?" என்று குரல் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு உரக்க, பிறகு தழுதழுத்து. கம்பெனியிலிருந்து வந்த கோமளா வாசலிலேயே நின்று கேட்டார்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பெட்டி கோமளாவின் கையில் இருந்தது.

"இது இன்னா?"

"ஒடம்பு ஏறுற மருந்து. ஊசி. அந்த வேசத்துக்கு..."

"உள்ள பேசிக்கினு இருந்தியே, அதுதான் டயலாக்கா?"

"ஆமா."

"டயலாக்கு வாயிலதான சொல்லணும்? அதுக்கு எதுக்குக் கைல ஊசி?"

வேம்புலி பெட்டியை வாங்கி மறுபடி டி.வி. மேலேயே வைத்தார். ஆசை அவ்வளவு இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசையாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குடோன் மூட்டையும் ஜிம் இரும்பும் சேர்ந்து செய்த கை. "இது எனக்குத் தெரிஞ்ச கை. ஊசில வர்றது யாரு கையோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிசைய ஆரம்பித்தார். மறுநாள் காலையில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, "போ, போயி மேனேஜராவே இரு" என்றார் கங்காதரன்.

வேஷம் வேறு ஒருவருக்குப் போனது. படம் வெளியானதும் வேம்புலி ஆவடியில் ஒரு தியேட்டருக்குப் போய், கங்காதரன் திரையில் வந்தபோது எழுந்து நின்று விசிலடித்தார். வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டார்.

அடுத்த படத்தில், ஒரு மாடிப்படி ஏறும் காட்சியில், கங்காதரன் பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இதயம் வீங்கியிருக்கிறது, ஊசியை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நிறுத்தினார். சில மாதங்களில் உடம்பு வடிந்துவிட்டது. எதிலும் பிடிப்பில்லை. போனை எடுப்பதில்லை.

வேம்புலி கொரட்டூருக்கே போனார். கங்காதரனின் மனைவி அனுசுயா கதவைத் திறந்து, "யாரையும் பாக்க மாட்டேன்றாருண்ணா" என்றார். உள்ளே கங்காதரன் கழுத்து வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாக்காத மாமே. காத்து போன பலூன் மாதிரி கீறேன்."

"காத்துதான போச்சு? ஆளு கீறியே" என்று பக்கத்தில் உட்கார்ந்தார் வேம்புலி. அப்போதே சொன்னேனே என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. டாக்டர் நடக்கலாம் என்றதும், மாலையில் இருவரும் கொரட்டூர் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தார்கள். முதலில் பேச்சில்லாமல். பிறகு பழைய படப்பிடிப்புக் கதைகளைப் பேசிச் சிரித்துக்கொண்டு.

இப்படி நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள் வேம்புலிக்கு அழைப்பு வந்தது. புது இயக்குநர் ஒருவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தகப்பனாக நடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். வேம்புலி அவர் ஆபீசுக்குப் போய் நின்றார்.

"சட்டையக் கழட்டட்டுமா சார்?"

"வேணாம்ணே. அந்த மூட்டையத் தூக்கிட்டு மாடி ஏறுங்க, போதும்."

ஏறினார். மறுபடி ஏறச் சொன்னார்கள், மறுபடி ஏறினார். முட்டி வலித்தபோது முகத்தில் வலி தெரிந்தது. அதுதான் வேண்டும் என்றார் இயக்குநர். பொங்கல் கழித்துப் படப்பிடிப்பு. வசனம் நிறைய இருக்கிறது. குளியலறைச் சத்தத்தில் கோமளாவுக்கு மகள் பாத்திரத்தின் வசனமும் சேர்ந்து மனப்பாடமாகிவிட்டது. "ஒத வாங்குற சீனு இல்லன்னா நானும் வந்து பாக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

போன திங்கட்கிழமை, லேசான எடை தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கங்காதரன் ஜிம்முக்கு வந்தார். தளர்ந்து தொங்கும் பனியன். பயிற்சியாளர் எடைத் தட்டு எதுவும் மாட்டாத வெறும் இரும்பு ராடைக் காட்டி, இதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். பெஞ்சில் உட்கார்ந்த கங்காதரன் கண்ணாடியைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களில் சிலருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. ராடின் மேல் வைத்த கையை மெல்ல எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வரேன் மாமே" என்று எழுந்தார்.

அடுத்த பெஞ்சில் வேம்புலி தனக்கான எடையை மாட்டி முடித்திருந்தார். எழுந்து, தன் ராடின் இரண்டு பக்கமும் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வெறும் ராடின் கீழே போய்ப் படுத்தார்.